கழுதைக்குப் போன பன்கள்

சோதனை நாளன்று டெர்வலா வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பது மருத்துவமனை விதி. அவள் அப்பா கோல்மனும் பட்டினி கிடக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் கிடந்தான். கேட்டால் "எனக்குப் பசியே இல்லை" என்று சாதிப்பான். அயர்லாந்தின் மேற்குக் கோடியில், எரிஸ் வட்டாரத்துக் கடைகளுக்கு ரொட்டியும் பன்னும் கொண்டுபோய்ப் போடுவது அவன் பிழைப்பு. அந்த வேனைத் தவிர வேறு வண்டி கிடையாது. விடியுமுன் கிளம்பினால், மழை இரண்டு மூன்று தடவை பெய்து ஓய்ந்த பிறகுதான் நகரத்து மருத்துவமனை வரும். வேன் முழுக்க வெண்ணெயும் கிரீமும் மணக்கும். அந்த மணத்துக்கு நடுவில் அப்பனும் மகளும் காய்ந்த வயிற்றோடு உட்கார்ந்து போவதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

டெர்வலாவுக்குப் பன்னிரண்டு வயது. பிறந்ததிலிருந்தே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நெஞ்சுச் சளி பசையாகக் கட்டிக்கொள்ளும், தின்றது உடம்பில் ஒட்டாது. காலையும் மாலையும் முதுகைத் தட்டிச் சளியைக் கிளப்ப வேண்டும், ஒவ்வொரு சாப்பாட்டோடும் கைநிறைய மாத்திரை விழுங்க வேண்டும். மற்றவர்கள் ஒரு பங்கு தின்றால் அவள் இரண்டு பங்கு தின்ன வேண்டும். ஊரிலுள்ள தாய்மார் எல்லாம் "மிட்டாயைத் தொடாதே" என்று பிள்ளைகளை விரட்ட, கோல்மன் ஒருவன்தான் "இன்னொண்ணு தின்னு" என்று மகள் பின்னாலேயே அலைந்தான். தாய் நொரீன் மகளுக்கு ஐந்து வயதாகும்போதே இங்கிலாந்தில் லீட்ஸுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூப்பிடுவாள். அவள் போனது ஏன், எப்படி என்று கோல்மன் யாரிடமும் பேசினதில்லை. அவனுக்கும் சேர்த்து ஊர் பேசித் தீர்த்துவிட்டது.

இந்த நோய் மெல்ல மெல்லக் கணையத்தையும் கெடுக்கும். அதனால்தான் பத்து வயதிலிருந்து வருஷா வருஷம் இந்தச் சர்க்கரைச் சோதனை. போன இரண்டு வருஷமும் தப்பித்தாள். இந்த வருஷம் எப்படியோ என்று கோல்மன் நாளை எண்ணிக்கொண்டிருந்தான். அவன் அண்ணன் ஃபின்டனுக்கும் இதே நோய்தான். சர்க்கரை வந்த வருஷமே பத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்தான். அப்போது கோல்மனுக்குப் பதினாலு. அதற்குப் பிறகு 'சர்க்கரை' என்ற சொல்லைக் கேட்டாலே அவனுக்கு ஆகாது.

டெர்வலாவின் கவலை வேறு என்றுதான் அவன் நினைத்திருந்தான். கோடையில் அவள் வகுப்புப் பெண்கள் எல்லாம் கொனமாராவுக்கு ஐரிஷ் மொழி முகாமுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு வீட்டில் எட்டுப் பெண்கள் ஒன்றாகத் தங்கி, மூன்று வாரம் ஐரிஷ் மட்டுமே பேசி, ராத்திரி கூடத்தில் ஆடிப் பாடுவார்கள். அவளுக்கும் இடம் கிடைத்திருந்தது. அவள் அதைப் பற்றிப் பேச்செடுத்தபோதெல்லாம் "சோதனை முடியட்டும், பார்க்கலாம்" என்று அப்பன் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தான்.

மருத்துவமனையில் அவர்கள் எங்கும் காத்திருக்கக் கூடாது. பக்கவாட்டுக் கதவு வழியாக நேரே தனி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். இந்த நோயுள்ள இரண்டு பிள்ளைகள் ஒரே காற்றைச் சுவாசித்தால் ஒருவர் நெஞ்சிலிருக்கும் கிருமி மற்றவர் நெஞ்சில் குடியேறிவிடும். அதனால் டெர்வலா தன்னைப்போல இன்னொரு பிள்ளையை இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. ஃபின்டன் காலத்தில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒரே வார்டில் ஆறு பையன்கள் கிடந்து, விடிய விடியச் சீட்டாடி, ஒருவன் கிருமியை ஒருவனுக்குக் கொடுத்து, ஒவ்வொருவராகப் போனார்கள். அண்ணன் கூட்டத்தோடு இருந்து செத்தான். மகள் தனியாக இருந்து பிழைத்திருக்கிறாள். இதில் எது மேல் என்று கோல்மன் சில சமயம் யோசிப்பான், யோசித்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொள்வான்.

நர்ஸ் அட்ராக்டா எடை பார்த்தாள், முகம் சுருங்கியது. எடை இறங்கியிருந்தது. இந்த ஒரு வாரம் வழக்கம்போல ரொட்டி, உருளைக்கிழங்கு, இனிப்பெல்லாம் சாப்பிட்டாயா என்று டெர்வலாவைக் கேட்டாள். டெர்வலா ஆமென்று தலையாட்டினாள். அந்தக் கேள்வியே கோல்மனுக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது தினமும் இரண்டு கிரீம் பன் தன் கையாலேயே கொடுத்தனுப்புவதாகவும், ரொட்டிக்காரன் வீட்டில் பிள்ளை பட்டினி கிடக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டாம் என்றும் கொஞ்சம் சூடாகவே சொன்னான். அட்ராக்டா ரத்தம் எடுத்துக்கொண்டு, தித்திப்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அதுவரை அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இருவரும் சீட்டாடினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். டெர்வலா சீட்டைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

"பையன்ப்பா. என்னைவிடச் சின்னவன்."

"அதெப்படிச் சொல்ற?"

"எனக்குத் தெரியும்."

மறுபடி இருமல் வருமா என்று அவள் வெகுநேரம் காத்திருந்தாள், வரவில்லை. அந்த ஆட்டத்தில் கோல்மன் வேண்டுமென்றே தோற்றான்.

இரண்டு நாள் கழித்து, ஒரு கடை வாசலில் ரொட்டித் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அட்ராக்டா தொலைபேசியில் கூப்பிட்டாள். சர்க்கரை இருக்க வேண்டிய அளவைத் தாண்டியிருக்கிறது, ஒரே சோதனையை வைத்து முடிவு சொல்ல முடியாது, இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். கோல்மன் வேனுக்குள் ஏறி உட்கார்ந்தான். ஃபின்டனின் கடைசி முகம் கண் முன்னால் வந்து நின்றது. அந்தப் பயத்துக்கு அடியிலேயே இன்னொன்றும் எட்டிப் பார்த்தது. சொல்ல வாய் கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். 'அப்படியென்றால் அவள் கொனமாராவுக்குப் போக மாட்டாள், நான் அந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டியதில்லை' என்று மனதின் ஒரு மூலை நிம்மதிப் பெருமூச்சு விட்டது. பெற்ற அப்பன் நினைக்கிற நினைப்பா இது என்று அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அன்று சாயங்காலம் பக்கத்து நிலத்துக்காரர் சோனி கல்மதில் மேல் சாய்ந்துகொண்டு அவனைக் கூப்பிட்டார். அவரிடம் ஒரு கிழக் கழுதை உண்டு. யாரைக் கண்டாலும் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் என்பதால் அதற்கு 'பிஷப்' என்று பெயர் வைத்திருந்தார்.

"கோல்மா, உன்னால என் கழுதை கெட்டுச்சுடா. வயித்தப் பாரு, ஒம்பது மாசம் மாதிரி. புல்லைக் காட்டினா மூஞ்சியத் திருப்பிக்குது. பிஷப்புக்குத் தெனம் கிரீம் பன் கேக்குது."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். இந்தக் கழுதைக்குக் கற்பூரம் எப்படியோ, கிரீம் நன்றாகவே தெரிந்திருந்தது. பள்ளி பஸ் வருகிற நேரத்துக்கு மதிலோரம் வந்து நின்றுகொள்கிறதாம். ஒரு மாசமாக இந்தக் கூத்து நடக்கிறதாம். சோனி சிரித்துக்கொண்டே சொன்னார், கோல்மன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்குள் டெர்வலா பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் உட்கார்ந்தான். திட்ட வேண்டும் என்றுதான் வந்தான். பக்கத்தில் பார்த்தபோது சட்டைக் கழுத்துக்குள் எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. தினமும் பார்க்கிற பிள்ளை, இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று அவனுக்குத் திட்ட வாய் வரவில்லை.

"பன்னை ஏம்மா கழுதைக்குப் போட்டே?"

அவள் பேனாவை மூடித் திறந்து மூடினாள்.

"இனிப்பே தின்னலைன்னா சர்க்கரை வராதுன்னு நினைச்சேன்."

"முகாமுக்குப் போகணும்னா?"

"அதுக்கில்லப்பா. ஃபின்டன் பெரியப்பாவுக்குச் சர்க்கரை வந்ததும் எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு நீ சோனி மாமாகிட்ட சொன்னேல்ல? நான் படிக்கட்டுலதான் உக்காந்திருந்தேன்." அவள் குரல் உடைந்தது. "நானும் போயிட்டா உன்கூட யார் இருப்பா?"

பத்தொன்பது வயதிலேயே நின்றுபோன ஒரு பெரியப்பாவுக்கு அப்பனும் மகளும் ஒரே கூரைக்குக் கீழே தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள். கோல்மன் நாற்காலியை விட்டு எழுந்தான். அவளை இழுத்து அணைத்துக்கொண்டான். நெற்றியில் முத்தமிட்டபோது உப்புக் கரித்தது. இந்த நோய்க்காரர்களின் தோலே அப்படித்தான், ஃபின்டனுக்கும் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக அட்ராக்டாவைக் கூப்பிட்டு, அண்ணனைப் பற்றித் தான் பேசியதை மகள் கேட்டது உட்பட, நடந்ததை ஒப்புக்கொண்டான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பட்டினி போட்ட உடம்பில் திடீரென்று அவ்வளவு தித்திப்பை ஊற்றினால் அது திணறிப்போய்ச் சர்க்கரையை ஏற்றியே காட்டும் என்றாள். பிள்ளை தப்பிக்கப் போட்ட திட்டம் பிள்ளையையே மாட்டிவிட்டிருக்கலாம். இரண்டு வாரம் நன்றாகத் தின்னவிட்டுக் கூட்டிவரச் சொன்னாள். பிறகு அவன் கேட்காமலேயே ஃபின்டனைப் பற்றிப் பேசினாள்.

"உங்க அண்ணனுக்குச் சர்க்கரை அந்த வருஷம் வரலை கோல்மன். அதுக்கு முன்னாடியே எப்பவோ வந்திருக்கும். அவரு இளைச்சுக் கரையற வரைக்கும் யாரும் தேடிப் பாக்கலை, அவ்வளவுதான். இப்ப நாங்க தேடிப் போய்ப் பிடிக்கிறோம். வருஷா வருஷம் உங்களை இழுத்தடிக்கிறது அதுக்குத்தான்."

அந்த இரண்டு வாரமும் கோல்மன் மகளுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். "கடி. எனக்குச் சத்தம் கேக்கணும்" என்பான். அவள் கண்ணை உருட்டிக்கொண்டே கடிப்பாள். மதிலோரத்தில் பிஷப் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. எல்லாம் பட்டினி செய்த வேலைதான், சர்க்கரையும் இல்லை ஒன்றும் இல்லை என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லாமலே நம்ப ஆரம்பித்தார்கள். கோல்மனுக்குப் பாட்டுக்கூட வந்தது.

இரண்டாம் சோதனையிலும் சர்க்கரை இருந்தது.

அட்ராக்டா நேரிலேயே சொன்னாள். இனி சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட வேண்டும். சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது, பன்னும் கிரீமும் அப்படியே இருக்கட்டும், ஊசி அதற்கு ஈடுகொடுக்கும் என்றாள். டெர்வலா அழவில்லை. ஊசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அப்பனைப் பார்த்தாள். முகாமைப் பற்றி அவள் கேட்கவே இல்லை, அதுதான் கோல்மனைக் கொன்றது. 'இந்த நிலைமையில் எப்படிப் போவாய்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊரே அவன் பக்கம் நியாயம் பேசும். அவள் வீட்டிலேயே இருப்பாள், ராத்திரி அந்த இருமல் சத்தம் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருக்கும். அவன் அதை மென்று விழுங்கினான்.

"முகாம்ல இவ தங்கப்போற வீட்டம்மாவுக்கு இந்த ஊசி விஷயத்தை யார் சொல்லிக் கொடுப்பாங்க?" என்று அட்ராக்டாவைக் கேட்டான்.

டெர்வலா சட்டென்று நிமிர்ந்தாள். தானே பேசிக்கொள்வதாக அட்ராக்டா சொன்னாள். அங்கே இதே நோயுள்ள வேறு பிள்ளை யாராவது வருகிறதா என்று விசாரித்து, இல்லை என்று தெரிந்த பிறகு அனுமதி கொடுத்தாள். முதுகு தட்ட ஆளில்லாத குறைக்குச் சளியைக் கிளப்ப ஊதுகிற ஒரு கருவியும் கொடுத்தாள்.

முகாமுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டதும் அவன்தான். வழியெல்லாம் மாத்திரையைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னான். இறங்கியதும் அவள் வகுப்புப் பெண்களோடு கலந்துவிட்டாள். அந்தக் கும்பலில் எது தன் மகளின் முதுகு என்று ஒரு கணம் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. திரும்பும்போது பக்கத்து இருக்கை காலியாக இருந்தது, மழைதான் துணைக்கு வந்தது.

வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு கிரீம் பன்னைத் தட்டில் எடுத்து வைத்தான், தொடாமலே உட்கார்ந்திருந்தான். ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போய் மதிலுக்கு அந்தப் பக்கம் நீட்டினான். பிஷப் விருந்தாளியிடம் வாங்கிக்கொள்வதுபோல மரியாதையாக வாங்கித் தின்றது.

அந்த முகாமில் ஆங்கிலம் பேசினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். டெர்வலாவின் இரவு அழைப்புக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தார்கள், சர்க்கரை அளவைச் சொல்ல வேண்டுமே. அவள் மூச்சுவிடாமல் பேசினாள். அளவு சரியாக இருந்ததாம். ஊசி போட்டபோது மற்ற ஏழு பேரும் சுற்றி நின்று பார்த்தார்களாம், ஒருத்தி மயங்கியே விழுந்துவிட்டாளாம். பின்னால் சிரிப்பும் தடதடவென்ற ஓட்டமும் கேட்டன. அவன் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினான்.

"நீ சாப்பிட்டியாப்பா?"

"ஓ, மூக்கு முட்ட."

"பொய். பிஷப்புக்குத்தானே போட்டே?"

கோல்மன் ஜன்னல் வழியே பார்த்தான். மதில் மேல் முகவாயை வைத்துக்கொண்டு, உதட்டில் கிரீமோடு, கழுதை அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் ஃபோனை வைக்க மாட்டேன். இன்னொண்ணு இருக்கும்ல, எடு. எடுத்தியா? கடி. எனக்குச் சத்தம் கேக்கணும்."

அவன் கடித்தான். கண்ணில் நீர் முட்டியது. மென்றான், விழுங்கினான். "ம்" என்றாள் அவள். மறுபடி கடித்தான். அதற்குள் யாரோ ஐரிஷில் அவளைக் கூப்பிட்டார்கள், ஆட்டம் தொடங்கிவிட்டது போல. "வரேன், வரேன்" என்று கத்தினாள், அதோடு தொடர்பு அறுந்துபோயிற்று.

மிச்சப் பாதியை அவன் தனியாகவே தின்று முடித்தான்.