மிக்சிக்கு ஒரு ஸ்தோத்திரம்

ஜிஜாவைச் சபையார் இரண்டு தடவை இங்கிலாந்துக்கு வழியனுப்பி வைத்துவிட்டார்கள். அவள் போனதோ நெய்யாற்றின்கரை வரைக்கும்தான், அதுவும் தினசரி ஆஸ்பத்திரி டூட்டிக்கு.

குற்றம் முழுவதும் அவள் கணவன் ஜாயுடையது. பாறசாலையில் ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அவனுக்கு வாயில் எதுவும் நிற்காது. இங்கிலாந்தில் நர்ஸ் வேலை என்று கடிதம் வந்த அன்றே போதகரிடம் சொல்லிவிட்டான். அடுத்த ஞாயிறு ஜிஜாவை முன்னால் நிறுத்தி, தலையில் கைவைத்து ஜெபித்து, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். ஆங்கிலப் பரீட்சை என்று ஒன்று பாக்கியிருந்ததை யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. எழுத்தில் தேறினாள், வாசிப்பில் தேறினாள், பேச்சில் தோற்றாள். ஆறு மாதம் கழித்து, "இந்தத் தடவ உறப்பாக்கும்" என்று ஜாய் மறுபடி போய்ச் சொல்ல, மறுபடி ஜெபம், மறுபடி கடிகாரம், மறுபடி பேச்சில் தோல்வி. கொல்லயில் கிராமத்தில் அவர்கள் வீட்டுச் சுவரில் இப்போது இரண்டு கடிகாரங்கள். ஒன்றை ஜாய் இங்கிலாந்து நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தான்.

வேலைக் கடிதம் ஜூன் வரைக்கும்தான் செல்லும். இந்த மூன்றாம் தடவையும் தோற்றால் வேலை வேறொருத்திக்கு. அதைவிடப் பெரிய வேதனை ஞாயிற்றுக்கிழமை. "மக்களே, இன்னும் போவல்லியா?" என்று ரத்னபாய் சபைக் கோயில் வாசலிலேயே பிடித்துக்கொள்வாள். கடிகாரத்துக்குப் பிரிவுக் காசு போட்டவள், கேட்கத்தானே செய்வாள். ஜிஜா வெட்கம் தாங்காமல் செருப்பு கழற்றும் இடத்தருகே கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்தாள்.

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். பத்து வருட நர்ஸ். ஆனால் எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து கண்ணைப் பார்த்தால் படித்ததெல்லாம் பறந்துவிடும். அந்த மொழியும் லேசுப்பட்டதா என்ன? பைபிளில் சங்கீதப் புத்தகமான 'சாம்ஸ்' பெயருக்கு முன்னால் ஒரு 'பி'யை நட்டுவிட்டு, அதைத் தொடாதே என்பான் வெள்ளைக்காரன். முழங்காலுக்கு 'கே' போடுவான், அதற்கும் சத்தம் கிடையாது. தலை சீவுகிற சீப்பின் வாலில் இன்னொரு 'பி' கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும். நேற்று வெட்டினாலும் 'கட்', இன்றைக்கு வெட்டினாலும் 'கட்'. நேற்று போனால் மட்டும் 'கோ' காணாமல் போய் எங்கிருந்தோ 'வென்ட்' வந்து நிற்கும். இது எந்த ஊர் நியாயம்?

நெய்யாற்றின்கரையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் பிரசீதா நடத்திய ஆங்கில வகுப்பில் ஜிஜா சேர்ந்தாள். பிரசீதா பள்ளியில் அவளுக்கு இரண்டு வகுப்பு இளையவள். "சேச்சி, எனக்க கண்ணப் பாத்துப் பேசணும்" என்பாள். ஜிஜா பார்ப்பாள். பார்த்துக்கொண்டே இருப்பாள். கீழே பஃப்ஸ் வேகிற மணம் மட்டும் வந்துகொண்டிருக்கும்.

இதற்கு ஜாய் ஒரு வழி கண்டுபிடித்தான். சாயங்காலச் சாயா முதல் ராச்சோறு வரை வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும். விளைவு, வீடு பரீட்சை ஹால் போல அமைதியாகிவிட்டது. சமாளித்தது அவன் அம்மா புஷ்பபாய் ஒருத்திதான். 'யெஸ்', 'நோ', 'பிரஷர்' என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு அவள் மீன்காரனிடமே பேரம் பேசி அனுப்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். "ஜெபமும் இங்கிலீஷ்லயாக்கும்" என்றான் ஜாய். ஜிஜா கண்ணை மூடினாள்.

மிஷன் சபையில் பிறந்த பெண்ணுக்கு ஐந்து வயதிலேயே ஜெபிக்கச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நடுவில் நிற்கக் கூடாது, நின்றால் மானம் போய்விடும். வார்த்தை வராவிட்டால் ஒரு 'ஸ்தோத்திரம்' போட்டு மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போக வேண்டும். கண்ணை மூடியதும் ஜிஜாவுக்கு அந்தப் பழக்கம்தான் வந்தது, மொழி மட்டும் ஆங்கிலம். எட்டு நிமிடம் நிற்காமல் பேசினாள். 'வென்ட்' தானாக வந்தது. ஜாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, ஜெபத்தில் கண் திறப்பது பாவம் என்று மறுபடி மூடிக்கொண்டான்.

மறுநாள் பிரசீதா இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சேச்சி, ஜெபிக்கும்போ ஆரப் பாப்பீங்க?"

"ஆரயும் இல்ல. கண்ண மூடிருவேன்."

"பின்னே இங்கயும் மூடுங்க." வீட்டில் உபயோகமான ஒரு பொருளைப் பற்றி இரண்டு நிமிடம் பேசு என்றிருந்த பரீட்சை அட்டையை வாசித்துக் காட்டினாள்.

ஜிஜா கைகூப்பிக் கண்ணை மூடி ஆங்கிலத்தில் தொடங்கினாள். ஆண்டவரே, எங்கள் மிக்சிக்காக உமக்கு ஸ்தோத்திரம். மூன்று ஜாரில் ஒன்று உடைந்தும் மற்ற இரண்டையும் இந்நாள் வரை காத்தீரே. தேங்காய் அரைக்கும் வேளையில் கரண்ட் போகாமல் தடுத்தீரே. பிரசீதா அம்மன் கோயிலுக்குப் போகிறவள். அவளே தன்னையறியாமல் கைகூப்பிவிட்டாள்.

அதன் பிறகு வீட்டில் ஓயாத பயிற்சி. விமான நிலையத்துக்காக, நூலகத்துக்காக, பிளாஸ்டிக் குப்பைக்காக, எல்லாவற்றுக்காகவும் ஜிஜா ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். சரியாக இரண்டாவது நிமிடத்தில் நிறுத்தினாள். புஷ்பபாய்க்கு ஒரு வரியும் விளங்காது. ஆனால் மருமகளின் ஜெபத்துக்கு ஆமென் சொல்ல அவள் ஒருநாளும் தவறியதில்லை. பிளாஸ்டிக் குப்பைக்கும் மனமுருகி ஆமென் சொன்னாள்.

பக்கத்து வீட்டுக் குமாரி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வந்தாள். "ஜிஜா, எனக்க பசுவுக்கும் இங்கிலீஷ்ல ஒண்ணு பிரார்த்திச்சுடு. மூணு நாளாட்டு ஒண்ணும் தின்னல்ல. ஜெர்சியாக்கும், நம்ம பாஷ அதுக்கு ஏறாது." ஜிஜா அதற்கும் இரண்டு நிமிடம் கொடுத்தாள். பசு அன்று மாலையே புல் தின்றது. ஜாய் இதைப் பாறசாலை முழுக்கச் சொன்னான்.

பரீட்சைக்கு முந்தின நாள் பிரசீதா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஆண்டவரேங்குதத மனசில வச்சுக்கணும். வாயில விஷயம் மட்டும். ஆமென் கூடவே கூடாது."

திருவனந்தபுரத்தில் பரீட்சை நடத்தியவர் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுக்காரர். நினைத்தபடி நடக்காத ஒரு பயணத்தைப் பற்றிப் பேசு என்று அட்டை வந்தது. ஜிஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணை மூடி, போகாத இங்கிலாந்துக்கு இரண்டு தடவை புறப்பட்ட கதையைச் சொன்னாள். கடிகாரங்கள் வந்தன, ரத்னபாய் வந்தாள், பசுவும் வந்தது. இரண்டு நிமிடம் ஆனதும் அவர் 'தேங்க் யூ' என்றார். ஆனால் ஆமென் இல்லாமல் எப்படி எழுவது? கூரையே தீப்பிடித்தாலும் அவர்கள் சபையில் ஜெபத்தைப் பாதியில் யாரும் நிறுத்தியதில்லை. ஜிஜாவின் வாய் இன்னும் ஒரு வரி போய், முடித்து, ஆமென் என்றது.

போச்சு. மூன்றாம் தடவையும் போச்சு.

"ஆமென்" என்று எதிரிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

ஜிஜா ஒரு கண்ணைத் திறந்தாள். அவர் தலைகுனிந்து, குரல் பதியும் ரெக்கார்டர் மேல் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். பிறகு திடுக்கிட்டு நிமிர்ந்து, கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமி, அடுத்த கேள்வியைக் கேட்டார். தன் ஜெபத்துக்கு ஆமென் சொன்ன மனுஷனிடம் இனி என்ன பயம்? அவர் கண்ணைப் பார்த்தே ஜிஜா பதில் சொன்னாள்.

முடிவு வரும் வரை வாயைத் திறக்கக் கூடாது என்று ஜாயிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். பேச்சில் ஒன்பதுக்கு ஏழு வந்தது, அதுவே போதும். அவன் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டு நேரே போதகரிடம் ஓடினான்.

மூன்றாம் வழியனுப்பு. நன்றி ஜெபத்தை ஜிஜாவே செய்யட்டும் என்றார் போதகர். கோயில் நிறையத் தலைகள் குனிந்தன. அவள் கண்ணை மூடினாள். "இப்போது நான் ஆண்டவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன்" என்று வாய் பரீட்சைப் பழக்கத்தில் தானாகத் தொடங்கியது. "முதலில் அவர் யார், அடுத்து அவரை எனக்கு எப்படித் தெரியும்..." நிறுத்த முடியவில்லை. இரண்டு நிமிடம் ஆனதும் பாதி வாக்கியத்தில் நின்று, 'தேங்க் யூ' சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. ஆமென் வரவில்லையே. சபை முழுவதும் குனிந்தபடி காத்திருந்தது. ஜிஜா பக்கத்தில் புஷ்பபாயைப் பார்த்தாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"மாமி, ஆமென் சொல்லுங்க" என்றாள் மெதுவாக.

புஷ்பபாய் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். "சொன்னா நீ போயிருவல்லா. கொறச்சு நேரம் இருக்கட்டு மக்களே."

முன்னால் போதகர் மூன்றாவது கடிகாரத்தை ஏந்தியபடி, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.