இரண்டாவது ஒப்புதல்

1.
இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தாம்பரத்தில் ஒரு டீக்கடையில் காதில் விழுந்தது. [பொய். உண்மையை எழுதத் தைரியம் வரும்வரை டீக்கடையே இருக்கட்டும்.]

தொடக்கம் ஒன்று: இரும்புலியூரில் மழை பிடித்துக்கொண்டது. ஜெரூஷா ஜன்னலோரம்...

வேண்டாம். நிரல் சரிபார்ப்பவளுக்கு ஜன்னலும் மழையும் எதற்கு?

தொடக்கம் இரண்டு: ஜெரூஷா சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, கூட வேலை செய்யும் ஆஸ்டின் எழுதிய பதினேழு நிரல் வரிகளை மூன்றாவது நாளாகப் படித்துக்கொண்டிருந்தாள். இது இருக்கட்டும்.

2.
அவள் கம்பெனியின் இயங்குதளம், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் கருவிக்குள் ஓடுகிறது. டாக்டர் அளவை மாற்றும்போது மின்சாரம் போனால், கோப்பில் பழைய அளவு இருக்க வேண்டும், அல்லது புதியது. இரண்டுங்கெட்டானாக எதுவும் இருக்கக் கூடாது. அதனால் புதியதைத் தனியே எழுதி, அது கருவியின் சேமிப்பு வட்டில் பதிந்ததை உறுதிசெய்துகொண்டு, பிறகுதான் பழையதன் பெயரை அதற்குச் சூட்டுவார்கள். ஆஸ்டின் நடுவிலிருந்த உறுதிசெய்யும் வரியைத் தூக்கிவிட்டான். வேகம் கூடியது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

(அடிக்குறிப்பு: நிரலில் செய்த மாற்றம் கருவிக்குள் போக இருவர் ஒப்புதல் வேண்டும். முதலாவது ஏற்கெனவே விழுந்துவிட்டது; இரண்டாவது ஜெரூஷா தர வேண்டியது. கொடுத்தது யார் என்பது கதைக்கு அவசியமில்லை.)

3.
ஆயிரம் முறை சோதித்தாயிற்று என்று ஆஸ்டின் குறிப்பு எழுதியிருந்தான். எங்கே? யுபிஎஸ்ஸும் ஜெனரேட்டரும் காவல் காக்கும் அலுவலகத்தில். ஜெரூஷா கருவியை வீட்டுக்கு எடுத்துவந்து, அளவு மாறும் நேரம் பார்த்துப் பிளக்கைக் கையால் பிடுங்கினாள். பதினோராவது முறை கோப்பு காலி. பழைய அளவும் இல்லை, புதியதும் இல்லை.

மேலாளர் வில்பிரட்டுக்குப் போன் போட்டாள்.

"ஆஸ்பத்திரில யாரும்மா பிளக்கப் பிடுங்கப் போறாங்க?"

"பெருக்க வர்றவங்க பிடுங்குவாங்க சார். எங்கப்பா அட்மிட் ஆயிருந்தப்ப, செல்லுக்கு சார்ஜ் போட நானே பிடுங்கியிருக்கேன்."

"பேட்டரி இருக்குல்ல?"

"பழசாயிட்டா?"

"ஜெரூஷா, உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் என் டேபிள்லதான் கிடக்கு. இன்னிக்குள்ள அப்ரூவ் பண்ணிடு. ஒருத்தர் பாத்து ஓகே சொல்லியாச்சு."

"அவரு நெஜமா பாத்தாரா சார்?"

4.
டீக்கடையை மூடிவிடலாம். அந்த ஒருத்தர் நான்.

தாம்பரம் ஸ்டேஷன் படியில் இறங்கிக்கொண்டே கைபேசியில் 'அருமை' என்று எழுதி, கட்டைவிரல் படமும் போட்டேன். பதினேழில் ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

5.
முடிவு அ: ஜெரூஷா ஒப்புதல் தருகிறாள். வேலை நிரந்தரமாகிறது. எங்கோ ஒரு கட்டிலருகே யாரோ செல்லுக்குச் சார்ஜ்...

முடிவு ஆ: அவள் மறுக்கிறாள். மேலாளர் கண்கலங்கித் தன் தவற்றை... மன்னிக்கவும், அவ்வளவு கற்பனை எனக்கு வராது.

நடந்தது இதுதான். அவள் மறுத்தாள். மறுநாள் காலையில் அவள் பெயரை ஒப்புதல் தருவோர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடிதம் இன்னும் மேசையிலேயே கிடக்கிறது. இரண்டாவது இடம் காலியாக இருப்பதால், வாசகரே, உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன். முடிவு உங்களுடையது. படிக்காமலும் அழுத்தலாம், வழக்கம்தான்.

ஜெரூஷா என்னையும் போனில் அழைத்திருந்தாள். கத்தவில்லை. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னாள். அழுத்த இரண்டு நொடி போதுமாம்.

நான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.