மடத்தில் நடந்த பேரம்

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயங்களில் ஓர் ஆத்மாவின் விலை, போன வருட நிலவரப்படி, இரண்டு கூரைத் தகரமும் ஒரு மூட்டை கோதுமை மாவும். பதுளைக் கடைவீதியில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். கருவாட்டுக்கடை சிவஞானம் அதை நம்பினார், நம்பியதால்தான் குழம்பினார். மகள் சிவசக்தி கிறிஸ்தவ வேதத்துக்கு மாறி இரண்டு வருடமாகிறது. வீட்டுக்கு ஓர் ஆணிகூட வந்து சேரவில்லை. விலை வாங்காமல் போகிற சரக்கை அவர் எங்கேயும் கண்டதில்லை.

இந்த நிலையில்தான் அவள் கன்னியாஸ்திரியாகப் போகிறேன் என்றாள்.

"யாருடி அந்தப் பய?" என்று தாய் ராசம்மா பாய்ந்தாள்.

"பயலும் இல்ல, ஒன்னும் இல்லம்மா. சாமி கூப்பிடுது."

"எந்த நம்பர்ல இருந்து?" என்றார் சிவஞானம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே மாதா கோவிலுக்குப் போய், தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அவள் கடைசி வரிசை வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். சுதி பிசகப் பாடினாள். யாராவது அவளுக்குக் காசு கொடுக்கிறார்களா என்று பார்க்கப் போனவர், அவளே காணிக்கைத் தட்டில் காசு போடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். சந்தேகம் இன்னும் பெருத்தது.

மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு கன்னியர் மடத்துக்கு நடந்தார். 'என் பிள்ளையைத் தரமாட்டேன்' என்பதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மடத்துத் தலைவி சிஸ்டர் குணமணி யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர். இவர் வாயைத் திறக்குமுன் அவர் தொடங்கிவிட்டார்.

"வீட்டில கலியாணத்துக்கு நெருக்கினியளோ, ஐயா?"

"இல்லிங்க."

"ஆரும் பெடியன் ஏமாத்தினவனோ? வீட்டில சண்டை, சச்சரவு?"

"என்னாங்க சிஸ்டர், பொலிஸ்ல கேக்குற மாதிரி கேக்குறீங்க?"

"கோவிக்காதேங்கோ. புதுசா வேதத்துக்கு வந்த பிள்ளை உடன மடத்துக்கும் வாறனெண்டா எங்களுக்குச் சந்தேகம்தான். எதுக்கோ பயந்து ஓடி வாற பிள்ளையள் இருக்கினம். இப்ப எடுக்கேலாது, ஐயா. அவவை வீட்டோடயே வைச்சிருங்கோ."

கேட்க வந்த வார்த்தை அதுதான். கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் சிவஞானம் நாற்பது வருடமாகக் கருவாடு விற்கிறவர். சரக்கைத் தொட்டுப் பார்த்து, முகத்தைச் சுளித்து, ஒதுக்கித் தள்ளுகிற கையைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது.

"எதுல குறை சொல்றீங்க? என் புள்ள பயந்து ஓடுறவளா?" நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "கடையில நிக்கச் சொன்னா, வர்றவங்ககிட்ட 'இந்தக் கட்டாக் கருவாட்டுல ஈரம் இருக்கு, காஞ்சதும் வாங்க'ன்னு சொல்லி அனுப்பிருவா. எனக்கு முன்னாடியே! பொய் சொல்லத் தெரியாதுங்க. போன மழைக்கு மண்ணு சரிஞ்சப்ப, லயத்துக் கெழவி ஒருத்திய அவதான் முதுகுல தூக்கிட்டு வந்தா. கெழவி வழியெல்லாம் இவள ஏசிட்டே வந்துச்சு. இவ சிரிச்சிட்டே நடந்தா. இப்படி ஒரு புள்ள ஒங்களுக்கு எங்க கெடைக்கும்?"

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கோயில் சுவாமியார் அவவைப் பற்றி நல்லதாத்தான் சொன்னவர். வீட்டு ஆக்கள் வாயால ஒண்டும் கேக்கேல்லை எண்டுதான் யோசிச்சனான். அப்ப மூண்டு மாதம் வந்து இருந்து பாக்கட்டும். நீங்களே சொல்லிவிடுங்கோ."

வாங்குகிற ஆள் வேண்டாம் என்று தள்ளத் தள்ள, விற்க மனமில்லாத சிவஞானம் தானே முன்னின்று விற்று முடித்திருந்தார். இந்த அம்மாள் தெரிந்துதான் தள்ளினாரா? முகத்தைப் பார்த்தார். எதுவும் பிடிபடவில்லை.

சிவசக்தி பூட்டிய கடைக்கு முன்னால் காத்து நின்றாள். மடத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்புவாள். அழுதுவிட்டு வீட்டோடு இருந்துவிடுவாள்.

"என்னப்பா சொன்னாங்க?"

அவர் பூட்டைத் திறந்தார். திறக்க நேரமெடுத்தது.

"வரச் சொன்னாங்க."

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "கோபமாப்பா?"

"கோபம் என்னா கோபம். நான் குடுத்தது ஒரு பொம்பளப்புள்ள. வாங்கினது ஒன்னுமில்ல. ஒங்க சாமி பேர்ல பாக்கி நிக்குது. மாசாமாசம் வசூலுக்கு வந்து வாசல்ல நிப்பேன்னு சொல்லி வை."