சுவரொட்டியில் சிரிக்கும் பெயின்டர்

1
இந்தக் கதை என்னுடையதல்ல. என் வீட்டுக்கு வர்ணம் அடிக்க வந்த அறுபத்தாறு வயதுப் பெயின்டர் ஏணியில் நின்றபடி சொன்னது. கூலியில் பேரம் பேசிய கையோடு கதையையும் இலவசமாக வாங்கிக்கொண்டேன். (எழுத்தாளர்கள் அப்படித்தான்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘முதுமை என்பது வாழ்வின் இளைப்பாறும்...’ அடித்துவிட்டேன். அவர் மேல்சுவருக்கு இரண்டாம் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார்.

2
போன வருடம் ஒரு விளம்பரக் கம்பெனியில் வர்ணம் அடிக்கும் வேலை. அவருடைய நரைத்த தலையையும் பல்வரிசையையும் பார்த்த ஒருவர், வெள்ளைச் சட்டை மாட்டி, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்தார். அடுத்த மாதம் ஊரெங்கும் அவர் முகம். கீழே ஓய்வூதியத் துறையின் வாசகம்: ‘நான் சேமித்தேன். நிம்மதியாக இருக்கிறேன். நீங்கள்?’

பெயின்டருக்குப் பெருமை தாங்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் வேண்டுமென்றே தன் படத்துக்குப் பக்கத்தில் நின்றார். மனைவிதான் கேட்டாள்:

“சேமிச்சத எங்க வச்சிருக்கீங்க? என்கிட்டகூட மூச்சு விடலையே!”

3
முழங்கால் வலி முற்றியதும் முதியோர் உதவித்தொகை கேட்டுப் போனார். கவுன்டரில் இருந்த அம்மா அவரைப் பார்த்தார். திரும்பிச் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார்.

“ஐயா, இது நீங்கதானே?”

“நான்தாம்மா. சும்மா படத்துக்கு உட்கார்ந்தேன்.”

“சேமிச்சவங்களுக்கு உதவித்தொகை கிடையாதே.”

“அந்தச் சட்டையக்கூடத் திருப்பி வாங்கிட்டாங்கம்மா!”

“அப்ப சேமிக்கலைன்னு எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தார். மூன்றே வாரத்தில் ஓய்வூதியத் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது: சேமிக்காமலே சேமித்ததாகச் சொல்லிப் பொதுமக்களைத் தவறாக வழிநடத்தியது ஏன்? விளக்கம் தரவும்.

[குறிப்பு: அந்த அம்மாவைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. “நானும் கான்ட்ராக்ட்தான் ஐயா, எனக்கும் பென்ஷன் கிடையாது” என்று மெதுவாகச் சொன்னாராம்.]

4
முடிவு அ: அமைச்சர் மனம் வருந்தி... (எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

முடிவு ஆ: அவர் ஏணியிலிருந்து விழுகிறார். எழுதியபோது அவர் என் தலைக்கு மேலேதான் நின்றார். கிழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். நேற்று அவர் பிரஷைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “சார், நீங்க எழுதுறவராச்சே. அந்த நோட்டீசுக்கு ஒரு பதில் எழுதிக் குடுங்க. நான் மிச்சம் பிடிக்கலைன்னு எழுதணுமா, பிடிக்க மிச்சமே இல்லைன்னு எழுதணுமா?”

இந்தக் கதையை மூன்று தடவை திருத்தியாயிற்று. பதில் மட்டும் ஒரு வரியைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். உங்களுக்குக் கை வருகிறதா பாருங்கள்:

‘மதிப்பிற்குரிய ஐயா, நான் சேமிக்காததற்குக் காரணம்