நசீமுன்னிசாவின் கட்டைவிரல்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. லுப்னாவோடு அவள் கல்லூரிக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன்; அங்கே பேச வந்த பேராசிரியர் ஒருவர் திரையில் எலும்புகளைக் காட்டினார். முதுமக்கள் தாழியில் கிடைத்த பெண்ணாம். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறதாம். கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்து பளபளத்தது. விடாமல் கைவேலை செய்தவளாக இருக்கலாம் என்றார்.

நான் எழுந்து, அவள் அப்படிச் சொல்லிவிட்டுப் போனாளா என்று கேட்டேன். கூடம் சிரித்தது.

"எலும்பு எங்கேம்மா சொல்லும்? நாமதான் பாத்துத் தெரிஞ்சிக்கணும்" என்றார் பேராசிரியர்.

லுப்னா என் அக்காள் நசீமுன்னிசாவின் மகள். அக்காளை நான் ஆபா என்று கூப்பிடுவேன். ஆபா இறந்து ஏழு மாதம்.

2

(முதலில் எழுதிய தொடக்கம்: 'ஆம்பூரின் ஒரு சந்தில், பொறுமையே உருவான ஒரு பெண்…' பொய். ஆபாவுக்குப் பொறுமை கிடையாது. ஷூ கம்பெனி ஏஜென்ட், தைக்க வேண்டிய தோல் மூட்டையை வாசலிலேயே போட்டுவிட்டு நகர்ந்தால், "இன்னா பாய், ஷூவுக்குக் கால் மொளைச்சி அதுவே உள்ள வந்துடுமா?" என்பாள்.)

நசீமுன்னிசா இருபது வருடம் தரையில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைத் தைத்தாள். ஊசியைத் தள்ளுவதும் கட்டைவிரல், நூலை இறுக்குவதும் கட்டைவிரல். அது வீங்கியபோது வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர், என்ன வேலை என்று கேட்டார்.

"வேலைலாம் இல்ல சார். சும்மா வூட்லதான்."

தான் பொய் சொன்னதாக அவள் நினைக்கவில்லை. கம்பெனிக்குப் போனால்தான் வேலை. வீட்டில் தைப்பதை எங்கள் தெருவில் யாரும் வேலை என்று சொல்வதில்லை. டாக்டர், வயசாகுது இல்லையா என்றார். அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. (இங்கே ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அச்சில் ஏற்ற முடியாது.) வலி மாத்திரையைப் போட்டுப் போட்டுத் தைத்தாள். விரல் அடங்கியது, கிட்னி போனது.

[அந்தக் கையை அவர் ஒருமுறை திருப்பிப் பார்த்திருந்தால்…]

இதை முடிக்க வரவில்லை. தாழியில் கிடந்தவளுக்கு ஒரு 'இருக்கலாம்' கிடைத்தது. எதிரில் உட்கார்ந்து மூச்சுவிட்டவளுக்கு அதுகூட இல்லை.

3

முடிவு ஒன்று: டாக்டர் கையைத் திருப்பிப் பார்க்கிறார். எழுதி, அடித்து நீக்கிவிட்டேன். அவர் பார்க்கவில்லை.

முடிவு இரண்டு: ஆபா, ஷூ தைக்கிறேன் சார் என்கிறாள். கதையில்கூட அவள் வாயில் அது வரமாட்டேன் என்கிறது.

முடிவு மூன்று: இரண்டாயிரம் வருடம் கழித்து யாரோ ஆபாவை அடக்கிய கபரஸ்தானைத் தோண்டி, ஒரு கட்டைவிரலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து… லுப்னா இதைப் படித்தாள். சித்தியான என்னை அவள் காலா என்பாள்.

"இது முடிவு இல்ல காலா. தள்ளிப்போடறது."

சரிதான். யாரும் எதையும் தோண்ட வேண்டாம். எங்கள் தெருவில் தோல் தைக்கிற கை வீட்டுக்கு ஒரு ஜோடி உயிரோடு இருக்கிறது. கதவும் திறந்துதான் கிடக்கிறது. முடிவு வேண்டுமென்றால் வந்து அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு நீங்களே எழுதுங்கள். நான் எழுத மாட்டேன்.