சேதராப்பட்டில் தயாரான கன்னியப்பன்

கன்னியப்பன் இறந்த பிறகும் சேதராப்பட்டில் தயாரிக்கப்பட்டு வந்தார். ஒரு லிட்டர் கரைசலுக்கு ஐம்பது மில்லிகிராம் கிடைத்தார். தான் வேலை பார்த்த மில்லை மூடியபின் அவர் அங்கே ஒரு சின்னக் கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்திருந்தார். ஆராய்ச்சிக் கூடங்களுக்கு விற்பதற்காக மனித நொதி ஒன்றைச் செய்யக் கம்பெனி முடிவெடுத்தபோது மனித மரபணு தேவைப்பட்டது. வாசலில் ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தார். சம்மதம் கேட்டு, பஞ்சுக் குச்சியால் அவர் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து எடுத்தார்கள். கேட்டலேஸ் என்ற நொதிக்கான மரபணுவை அதிலிருந்து பிரித்து பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். பாக்டீரியா கேள்வி கேட்காமல் அந்த நொதியைச் செய்தது. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு சொட்டு விட்டால் நுரை பொங்கும். நொதி வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். உலர்த்தி, பழுப்புத் தூளாகக் குப்பியில் அடைத்து, ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று ஒட்டி அனுப்பினார்கள். சில ஆண்டுகள் கழித்துக் கன்னியப்பன் மாரடைப்பில் போனார். கருமாதி முடிந்ததும் அவர் மனைவி அஞ்சலாட்சிக்கு அதே கம்பெனியில் கண்ணாடிக் குடுவை கழுவும் வேலை கொடுத்தார்கள். அதன் பிறகு நொதி திங்கட்கிழமைகளில் தாமதமாக நுரைத்தது. மழை நாளில் மந்தமாக இருந்தது. குடுவைகளில் பீடி வாசனை வந்தது. ஆய்வகத்தைக் கவனித்துக்கொண்ட சரிதா இதையெல்லாம் ஏசி கோளாறு என்றார். அஞ்சலாட்சி அந்தக் குடுவைகளை இரண்டு முறை கழுவினார்.

மகள் கவிநிலாவுக்குப் பிள்ளைச்சாவடியில் மாப்பிள்ளை அமைந்தது. பெயர் விக்ரம். அஞ்சலாட்சியின் கருவடிக்குப்பம் வீட்டில் பெரியவர்கள் கூடி, பெண்ணைத் தாரை வார்ப்பது யார் என்று பேசினார்கள். புருஷன் இல்லாதவர் மணவறையில் நிற்பது வழக்கமில்லை.

“நீங்க பின்னாடி உக்காருங்க அண்ணி. நானும் நிர்மலாவும் வாத்துடறோம்,” என்றார் கன்னியப்பனின் தம்பி கலியமூர்த்தி. நிர்மலா அவர் மனைவி.

“பெத்தவ நானு.”

“யாரு இல்லன்னா? அண்ணன் இல்லியே, அதுக்கு இன்னா பண்றது?”

இருபத்து மூன்று வருடம் வளர்த்த பெண்ணை அஞ்சலாட்சி இனிக் கடைசி வரிசை நாற்காலியிலிருந்து அனுப்பிவைக்க வேண்டும். ‘காலஞ்சென்ற கன்னியப்பன்’ என்று பத்திரிகை அச்சாகி வந்தது. ஒன்றைக் கொண்டுபோய்ச் சரிதாவின் மேசையில், நுரை சோதிக்கும் குழாய்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அன்று நொதி நின்றது. சரிதா புதிய பெராக்சைடு வரவழைத்தார். புதிய பாக்டீரியா வளர்த்தார். தண்ணீரை மாற்றினார். குழாயில் ஒரு குமிழிகூட வரவில்லை. ஏற்கெனவே விற்றவையும் நின்றன. பிரான்சின் லியோனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஒரே நாளில் மெயில் வந்தது.

“கோவம் மேடம்,” என்றார் அஞ்சலாட்சி. “ஊட்லயும் இப்புடித்தான். ஒத்துக்கலன்னா பேச மாட்டாரு, சாப்ட மாட்டாரு, மூஞ்சத் திருப்பிக்குவாரு.”

“அக்கா, அது புரதம். அதுக்கு ஏது மூஞ்சி?”

“இவருக்கு இருக்கும்.”

மறுநாள் அஞ்சலாட்சி தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பத்திரிகை எல்லாம் வைத்து, நொதி இருக்கும் குளிர் அறைக்கு முன்னால் நீட்டி முறையாக அழைத்தார். ஒன்றும் ஆகவில்லை.

“பொண்ணோட அப்பாவுக்கே பத்திரிகை வெச்சா அவரு எப்படிக்கா ஒத்துக்குவாரு?” என்றார் சரிதா. சொன்ன பிறகு, தான் எம்.எஸ்சி. படித்தவர் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

அஞ்சலாட்சி தட்டைக் கீழே வைத்துவிட்டு, சோதனைக் குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

“தோ பாருய்யா. எனக்கும் பின்னாடி உக்கார இஷ்டமில்ல. நீ இருக்கன்னு காட்டு. முன்னாடி நான் நிக்கறேன்.”

நுரை குழாயை விட்டு ஏறியது. மேசையை மூடியது. பத்திரிகையை நனைத்துத் தரைக்கு இறங்கி, வாட்ச்மேன் நாற்காலி வரை போய் நின்றது. சரிதா துடைப்பம் கேட்டார். பிறகு வழக்கம்போல் தரச்சான்று அச்சிட்டார். பொருள்: மனித கேட்டலேஸ். மூலம்: கன்னியப்பன். செயல்பாடு: உண்டு. கையெழுத்தும் சீலும் போட்டு, ஒரு பிரதியை அஞ்சலாட்சியிடம் கொடுத்தார்.

அஞ்சலாட்சி அதைக் காட்டி, தாரை வார்க்க அவர் இருக்கிறார் என்றதும் தெருவில் சண்டையானது. “தூளக் காட்டி அண்ணன்ங்கறீங்களே அண்ணி, நாளைக்கி சாம்பலக் காட்டி தாத்தாம்பீங்களா?” என்று கலியமூர்த்தி கத்தினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டுப் பெரியவர் பாவாடை வந்து சான்றிதழை வாங்கி, கண்ணாடி போட்டு, சீலை விரலால் தடவிப் பார்த்தார்.

“டேய், பிரான்சுக்காரன் வருஷா வருஷம் எனக்கு எழுதறான், உயிரோட இருக்கியான்னு. இருக்கேன்னு சீல் போட்டு செர்த்திஃபிக்கா அனுப்பறேன், பென்ஷன் வருது. நான் மூச்சு வுடறத எவன் வந்து பாத்தான்? கையெழுத்து இருக்குது. சீல் இருக்குது. உங்கண்ணன் இருக்கான்.”

“நானுந்தான் உயிரோட இருக்கறேன், எங்கிட்ட சீலா இருக்குது?”

“இல்லல்ல? அப்ப நீ பேசாத.”

இந்த ஊரில் அதற்கு மேல் வாதம் கிடையாது. ‘காலஞ்சென்ற’ என்ற சொல்லின் மேல் நிர்மலாவே உட்கார்ந்து பூப்போட்ட ஸ்டிக்கர் ஒட்டினார். தனக்கும் மணவறையில் நிற்க ஆசையில்லை, புடவை மட்டும் எடுத்தாகிவிட்டது என்று அவர் அஞ்சலாட்சியிடம் சொன்னார். லியோனிலிருந்து, நொதி வேலை செய்கிறது, ஆனால் கொஞ்சம் அதிகம், மேற்கூரையைச் சுத்தம் செய்கிறோம் என்று மெயில் வந்தது.

கல்யாணத்தன்று சரிதா தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பிக் குப்பியைக் கொண்டுவந்தார். அஞ்சலாட்சி பட்டுப்புடவையும் குங்குமமுமாக மணவறையில் நின்றார். பார்த்தவர்கள் பார்த்தார்கள், ஒருவரும் எழுந்து போகவில்லை. ஐயர், பெண்ணின் தகப்பனார் கையை நீட்டலாம் என்றார். கவிநிலா குப்பியை நீட்டினாள். அஞ்சலாட்சி சொம்பைச் சாய்த்தார். தண்ணீர் குப்பியின் மேல் விழுந்து வழிந்து விக்ரமின் உள்ளங்கையில் இறங்கியது. கொஞ்சம் ஜில்லென்று இருந்தது என்று விக்ரம் பின்னால் சொன்னார். மற்றபடி எல்லாக் கல்யாணத்தையும் போலத்தான்.

முதல் பந்தியில் அஞ்சலாட்சிக்குப் பக்கத்தில் ஒரு இலை போட்டு அதன் தலைமாட்டில் குப்பியை வைத்தார்கள். வடை பரிமாறி வந்த ஆள் அங்கே நின்றார்.

“இந்த எலைக்கு யாருங்க?”

“பொண்ணோட அப்பா,” என்றார் அஞ்சலாட்சி.

அவர் தலையாட்டி, அந்த இலையில் இரண்டு வடையாக வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.