நல்லகண்ணுவின் பெருவிரல்

முத்துகுமரன் தென்காசியில் பிசியோதெரபி சொல்லிக்கொடுப்பவர். எலும்பையும் தசையையும் தெரிந்த அளவுக்கு அவருக்கு மனிதர்களைத் தெரியாது. அது அவருக்கே தெரியும். அதனால்தான் மானுடவியல் படிக்காதவர்களுக்கென்று நடந்த களஆய்வுப் பயிற்சிக்கு இரண்டு நாள் போய்வந்தார்.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களின் கைவலிதான் அவருடைய ஆய்வு. முதலில் கேள்வித்தாளோடு போனார். நாற்பது பேரைக் கேட்டார்; நாற்பது பேருக்கும் வலியே இல்லையாம். விடிந்ததிலிருந்து ஆள் மாற்றி ஆள் முதுகை அமுக்குகிறவருக்கு வலிக்காது என்று நம்ப அவர் என்ன இளிச்சவாயரா? தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டு, பயிற்சியில் சொன்னபடி சும்மா கூடவே இருந்து பார்த்தார்.

பத்தாம் நாள்தான் அது கண்ணில் பட்டது. ஐந்தருவிப் பக்கம் தேய்க்கும் நல்லகண்ணு எல்லாவற்றையும் முழங்கையாலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். டீக்கடையில் தனியாகக் கிடைத்தபோது முத்துகுமரன் கேட்டார். நல்லகண்ணு சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டார்.

"வலது பெருவிரல்ல பலமே இல்ல சார். ரெண்டு வருசமாச்சு. வெளிய தெரிஞ்சா எவன் நம்மகிட்ட வந்து உக்காருவான்? சீசன்ல விட்டா வருசம் பூரா பட்டினிதான்."

பெயர் போடாமல் அதைப் பத்திரமாக எழுதிக்கொண்டார் முத்துகுமரன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் மனசு கேட்கவில்லை. மறுநாள் விரலுக்கு மாட்டும் பட்டை ஒன்று வாங்கி வந்து, சாரலில் ஆட்கள் வரிசையாக நின்ற நேரத்தில், நல்லகண்ணுவின் கையைப் பிடித்து மாட்டியும் விட்டார். நோட்டில் பெயரை மறைத்த மனிதருக்கு, ஊர் பார்க்க விரலைக் காட்டிக்கொடுக்கிறோம் என்று உறைக்கவே இல்லை.

வரிசை பக்கத்தில் தேய்ப்பவரின் பலகைக்கு நகர்ந்தது. நல்லகண்ணு பட்டையைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டார். மதியம்வரை அவர் பலகையில் ஒருவரும் உட்காரவில்லை. முத்துகுமரனுக்கு வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடைசியில் சட்டையைக் கழற்றிவிட்டு, தானே போய் அந்தப் பலகையில் உட்கார்ந்தார்.

"தேய்ச்சு விடுங்க அண்ணாச்சி. நாலு பேரு பாக்கட்டும்."

நல்லகண்ணு எண்ணெயை ஊற்றினார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவர் முழங்கையை வைக்கவில்லை. வலது பெருவிரலைக் கழுத்தில் ஊன்றி, இடுப்புவரை அழுத்தி இழுத்தார். அந்த விரல் நடுங்குவது முதுகில் தெரிந்தது. மறுபடியும் ஊன்றினார்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றார் முத்துகுமரன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"சும்மா இருங்க சார். பாக்குதாங்க."